அடிக்கு ஓர் அங்குலம்

மே மாதம் வந்தால் கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் ஊட்டிக்குப் போவார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் கொடைக்கானலுக்கும் போவார்கள். வெயிலைத் தேடிக்கொண்டு தாம்பரத்துக்குப் போனது, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். கணக்கு டீச்சர் என்பதால் கோடை விடுமுறைக்குக் குறைவில்லை. கூப்பிட்டது செல்வி என்பதால் மறுக்கவும் வழியில்லை.

செல்வியை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். இரண்டு பேருக்கும் கைக்குழந்தையிலேயே இளம்பிள்ளைவாதம் வந்துவிட்டது. கால் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். என் பங்கு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எறும்பின் மேல் பழி போட்டவள் அவள். அங்கிருந்து நான் ஒரு காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கியும் கையில் ஊன்றுகோலுமாக வெளியே வந்தேன். அவள் சக்கர நாற்காலியில் வந்தாள். இப்போது சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு காலனியில் இருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அறிவியல் டியூஷன் எடுக்கிறாள். அவள் கணவர் மனோகர் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறார்.

அவள் போனில் சொன்ன சேதி இதுதான். அவர்கள் வார்டுக்கு ஒரு கமிட்டி உண்டு. அதில் அவளை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டம் இரண்டு வாரத்தில், வார்டு அலுவலகத்தில்.

"அட, கலக்கிட்ட போ!" என்றேன்.

"கலக்கறதெல்லாம் அப்புறம். அந்த ஆபீசுக்குள்ள நான் இதுவரைக்கும் போனதே கிடையாது. வாசல்ல நாலு படி. ஒவ்வொரு தடவையும் அவங்களே வெளிய வந்து மனுவை வாங்கிக்கறாங்க. இப்போ ராம்ப் கட்டப்போறாங்களாம். அது சரியா வந்துதுன்னா போவேன். நாலு பேரு சேர்ந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்னா எனக்கு அந்த மெம்பர் பதவியே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்."

வீம்பு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தூக்கிக்கொண்டு போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நல்ல மனசோடுதான் தூக்குவார்கள். ஆனால் யார் கை எங்கே படுகிறது என்று தூக்குகிறவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். புடவை எங்கே விலகுகிறது என்று பார்க்கக்கூட நம் கை நம்மிடம் இருக்காது. சுற்றிலும் நிற்கிறவர்கள் 'மெதுவா, மெதுவா' என்பார்கள், வீட்டுக்கு பீரோ வந்து இறங்குகிற மாதிரி. செல்வி கல்யாண மண்டபங்களுக்குப் போவதை நிறுத்தியது அதனால்தான்.

இது எந்த வார்டு என்று நான் சொல்லப்போவதில்லை. தப்பைத் திருத்திக்கொண்டவர்களைக் காட்டிக்கொடுப்பது முறையல்ல.

புதன்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினேன். லிஃப்ட் வேலை செய்தது. செய்யாது என்று நினைத்து, திட்டுவதற்கான வார்த்தைகளைச் செங்கல்பட்டிலிருந்தே தயாராக வைத்திருந்தேன், வீணாகப் போயின. லிஃப்டுக்குள் ஓர் அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிக்கும்மா?" என்றார். சிநேகிதி வீட்டுக்கு என்றேன். "அவங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்றார். எங்கள் ஊரிலும் இதே கேள்விதான். என்ன, கேள்வியின் முடிவில் ஒரு 'ங்க' இருக்கும்.

செல்வியின் சமையலறை மேடை என் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. அவள் உட்கார்ந்தபடி சமைக்கிற உயரத்துக்கு மனோகர் இடித்துக் கட்டிக் கொடுத்தது. அங்கே நான்தான் குனிந்து குனிந்து அவஸ்தைப்பட்டேன். "இப்ப தெரியுதா?" என்றாள். காலைப் பலகாரத்துக்குக் கேம்ப் ரோட்டுக் கடையிலிருந்து இட்லியும் வடகறியும் வந்தன. வடகறி எங்கள் பக்கம் கிடையாது. முதலில் மிஞ்சிப்போன வடையை என் தலையில் கட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். மூன்றாவது இட்லியில் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை இருவரும் வார்டு அலுவலகத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து இரண்டு தெருதான். அவள் சக்கரத்தை உருட்ட, நான் ஊன்றுகோலைத் தட்ட, எங்களைப் பார்த்து ஒரு நாய்கூட மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

அந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்குப் பயந்து எல்லா வீட்டையும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் மூன்று படியோ நாலு படியோ இருக்கும். படிகளுக்கு நடுவே, மேலிருந்து கீழே, ஒரு சாண் ஒன்றரைச் சாண் அகலத்தில் சிமெண்ட் சரிவு ஒன்று ஓடும். சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சக்கரத்தை அந்தச் சரிவில் வைத்து, இரண்டு பக்கப் படிகளிலும் கால் வைத்து, மூச்சைப் பிடித்து வண்டியை உள்ளே ஏற்றுவார். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு இதே ஏற்பாடுதான். மழைத் தண்ணீருக்கும் திருட்டுக்கும் தப்ப அதைவிட்டால் வேறு வழியில்லை.

வார்டு அலுவலக வாசலிலும் அச்சு அசலாக அதையே கட்டி வைத்திருந்தார்கள். நாலு படி, நடுவில் ஓர் அடி அகலத்தில் பளபளவென்று ஒரு சரிவு. ஈரம்கூடக் காயவில்லை. கொத்தனார் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பெயர் தேவராஜ், ஐம்பது வயதிருக்கும்.

"எப்டிக் கீதுக்கா? நம்ம கைவேலதான்," என்றார் செல்வியிடம். "இழச்சு வுட்டுக்கீறேன். வண்டி வழுக்கிக்கினு ஏறும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதில் ஏற வேண்டுமென்றால் செல்வி ஒற்றைச் சக்கரத்தில் சர்க்கஸ் பண்ண வேண்டும். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேனா குடு," என்றாள்.

"எதுக்கு?"

"எழுதிக் குடுத்துடறேன். இங்கயே, இப்பவே."

பேனா இல்லை என்று பொய் சொன்னேன். பேனா இல்லாத டீச்சர் உண்டா என்று அவளும் கேட்கவில்லை. தாளை மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள். நான் ஊருக்கு வந்த பதினாறாம் நாள் வரை அந்தத் தாள் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது.

உதவிப் பொறியாளருக்கு நான் போன் போட்டேன். வர மாட்டார் என்று நிச்சயமாக நம்பினேன். முக்கால் மணி நேரத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் அவரை ஏ.இ. என்றுதான் கூப்பிட்டார்கள். சரிவைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டிராயிங்ல நாலு அடி அகலம் போட்டுத்தானே குடுத்தேன், தேவராஜ்!"

"காயிதம் மேஸ்திரி கைல கீது சார். ஊரு பூரா இப்டித்தான கட்றோம்? நாப்பது வூட்டுக்குக் கட்டிக்கீறேன், ஒருத்தரும் ஒரு சொல் சொல்லல."

சண்டை வலுக்கும், ஆளாளுக்குக் கை காட்டுவார்கள், நாமும் நாலு வார்த்தை விட்டுவிட்டு வரலாம் என்று காத்திருந்தேன். ஆனால் ஏ.இ. செல்வியிடம் திரும்பி, "தப்பு என்னோடதுதான் மேடம். மூணு நாளா வேற சைட்ல இருந்துட்டேன். வந்து பார்த்திருக்கணும்," என்றார். இருபத்தாறு வருஷமாக அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை எந்த அலுவலக வாசலிலும் நான் கேட்டதில்லை. என் கோபத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது.

டேப்பை வாங்கி வாசலின் உயரத்தை அளந்தேன். சரியாக இரண்டு அடி. "ஏனுங்க சார், ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு இருந்தாத்தான் இவ தானா ஏற முடியும்," என்றேன். ஏ.இ. தலையாட்டினார். தேவராஜ் அண்ணனுக்கு மட்டும் அது பிடிபடவில்லை. "அடிக்கு ஓர் அங்குலம் ஏறோணும்ங்க, அவ்வளவுதான்," என்றதும் அவர் முகம் தெளிந்தது. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டார்.

"அப்டின்னா இருவத்தி நாலு அடி நீளம் வோணும்க்கா. வாசல்லேர்ந்து கேட்டுக்குப் பத்தடிதான கீது? ரோட்டுக்கா இட்டுக்கினு போவ முடியும்?"

என் வகுப்பில் ஒருவனும் இவ்வளவு வேகமாக விடை சொன்னதில்லை. இடம் இருந்தது ஒரே பக்கம்தான். கட்டிடத்தின் ஓரமாக நீளமாக ஒரு தகரக் கொட்டகை. அலுவலகத்துக்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடம். ஏ.இ. அதன் நீளத்தைக் காலடி வைத்து எண்ணிப் பார்த்தார். "ஸ்டாஃப் வண்டியெல்லாம் வெயில்ல நிக்கணும். எஸ்டிமேட்டையும் மாத்தணும். பார்க்கறேன் மேடம்," என்றார்.

'பார்க்கறேன்' என்று சொல்கிற அதிகாரிகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் செல்வி எனக்கு முன்னால் விறுவிறுவென்று உருட்டிக்கொண்டு போனாள்.

அவள் மனசை மாற்ற, வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகலாம் என்று நான்தான் கிளப்பினேன். நாற்காலியை மடித்து ஆட்டோவில் ஏற்றி மேற்குத் தாம்பரம் போய், அங்கிருந்து தாழ்தளப் பேருந்து. எங்கள் ஊர் பேருந்தில் முதல் படியே என் முழங்காலுக்கு மேலே இருக்கும். ஏறி முடிப்பதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் அடித்துவிடுவார். இந்தப் பேருந்தில் நடுக்கதவில் ஒரு பலகை மடித்து வைத்திருக்கிறார்கள். அதை விரித்தால் தரைக்குச் சரிவாக இறங்கும்.

விரிப்பதற்கு இடம் வேண்டுமே! நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டோ நின்றது. பேருந்து நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன். பேருந்துக்குள் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்டக்டர் இறங்கிப் போய் ஆட்டோவின் தலையில் தட்டினார்.

"இன்னா நைனா, இங்கியே வூடு கட்டிக்கினியா? நவுத்து. அக்கா ஏறணும்."

ஆட்டோ நகர்ந்தது. பேருந்து ஓரம் கட்டியது. கண்டக்டர் கொக்கியைப் போட்டுப் பலகையைத் தூக்கி விரித்தார். செல்வி தன் கையாலேயே உருட்டி ஏறினாள். கடிகாரம் பார்த்தவரே எழுந்து இடம் விட்டார். 'ஐயோ பாவம்' ஒன்றுகூட விழவில்லை. எனக்கு அந்தக் கண்டக்டரின் தாயாரைத் தேடிப் போய்க் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பல்லாவரம் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை. செடி, கருவாடு, உடைந்த ரேடியோ, யாரோ ஒருவருடைய பழைய கல்யாண ஆல்பம். கூட்டத்தில் நாற்காலி நகர்வது கஷ்டம்தான். "ஓரம், ஓரம்," என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டுவிட்டது. பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் செல்வி ஒரு சைக்கிள் மணியை எடுத்து அடித்துப் பார்த்தாள். கணீரென்றது. அங்கேயே நாற்காலியின் கைப்பிடியில் மாட்டித் தரச் சொன்னாள். அதற்கப்புறம் கூட்டம் தானாகவே விலகியது. நான் கத்தாமல் நுங்கு தின்றேன்.

திரும்பும்போது அவள் சொன்னாள்: "உனக்குத் தெரியுமா? நான் காரணம் இல்லாம எங்கயும் போனதே இல்ல. டாக்டர், பேங்க், இப்படி ஏதாவது இருந்தாத்தான் கிளம்புவேன். போற இடத்துல படி இருக்கா, பாத்ரூம் எப்படின்னு முதல்ல போன் பண்ணிக் கேக்கணும். மத்தவங்க எல்லாம் சும்மா போறாங்க, சும்மா வர்றாங்க. எனக்கு அதைப் பார்த்தாத்தான் பொறாமையா இருக்கும். நடக்கறதைப் பார்த்துக்கூட அவ்வளவு இல்ல."

நாற்பது வருஷச் சிநேகிதம். இதை அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை ஏ.இ.யே போன் செய்தார். விடுமுறை நாள். "மேலிடத்துல பேசிட்டேன். கொட்டகையை எடுத்துடலாம். ஆனா இந்தத் தடவை நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்து சொல்லணும்," என்றார். நான் வியாழக்கிழமை நினைத்ததையெல்லாம் மனசுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது தேவராஜ் அண்ணனும் இருந்தார். கட்டியதை உடைக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாருக்குத்தான் பிடிக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அகலப்படுத்தினாப் போதாதா சார்? பின்னாடி ஒருத்தர் தள்ளினா ஏறிடும்," என்றார்.

செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, அதற்கு மாறி உட்கார்ந்துகொண்டாள். தன் சக்கர நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கண்ணா. காலை மட்டும் அசைக்கக் கூடாது."

அவர் கூச்சப்பட்டார். ஏ.இ. வற்புறுத்தவும் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் கார் ஏற்றுவதற்காகப் போட்டிருந்த அகலமான சரிவு ஒன்று இருந்தது; அகலம் உண்டு, ஆனால் செங்குத்து. அதில் ஏறிப் பார்க்கச் சொன்னாள். இரண்டு தள்ளுத் தள்ளினார். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஏ.இ. பாய்ந்து பிடிக்காவிட்டால் அண்ணனின் மண்டை ரோட்டில்தான். பழக்கதோஷத்தில் அவர் கால் கீழே ஊன்றப் போனது. 'அசைக்கக் கூடாது' என்றது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தை நான் பார்த்தேன்.

இறங்கினார். துண்டால் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார்.

"பேஜாராக் கீதேக்கா. நெஞ்சு பக்குன்னு ஆயிப்போச்சு. இத்த வச்சிக்கினா தெனிக்கும் சுத்துறீங்க?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் கடப்பாரையை எடுத்து, தான் இழைத்துவிட்ட அந்தப் பளபளச் சரிவின் மேல் முதல் அடியைத் தானே போட்டார்.

அதற்குப் பிறகு எனக்கும் செல்விக்கும்தான் சண்டை. படியே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றாள் அவள். நான் விடவில்லை. சரிவு எனக்கு ஆகாது. காலிப்பர் போட்ட காலோடு சரிவில் இறங்குவது எனக்கு வாழைப்பழத் தோலில் நடப்பது மாதிரி. எனக்குப் படிதான் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு. "உனக்குச் சரிவு, எனக்குப் படி. உன் வசதிக்கு நான் விழோணுமா?" என்றேன். "நாப்பது வருஷத்துப் பிஸ்கட் கணக்கை இப்போ தீர்த்துக்கறா பாருங்க சார்," என்று அவள் ஏ.இ.யிடம் முறையிட்டாள். அவர் இரண்டையும் குறித்துக்கொண்டார்: ஓரமாகச் சரிவு, முன்னால் படி, இரண்டுக்கும் கைப்பிடி.

கொட்டகையைப் பிரிக்கும் நாளில் முணுமுணுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. மே மாத வெயிலில் வண்டி சீட் தோசைக்கல்லாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், நியாயம்தான். ஆனால் சுகாதார ஆய்வாளர் அம்மா ஒருவர், பதில் பேசாமல் தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய் எதிர்ப்புறப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

ஐந்து நாள் வேலை. செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே கெட்டித்து, மேலே கான்கிரீட். பன்னிரண்டாவது அடியில் மூச்சு வாங்கிக்கொள்ள ஐந்தடிக்குச் சமதளமாக ஒரு மேடை. தேவராஜ் அண்ணன் அடிக்கு ஒரு முறை ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இந்த முறை இழைக்கவில்லை. துடைப்பக்குச்சியால் குறுக்கே வரிவரியாகக் கீறிவிட்டார், சக்கரம் வழுக்காமல் இருக்க. நாங்கள் தினமும் மோர் கொண்டுபோவோம். அவர் குடித்துக்கொண்டே, "அக்கா, அந்த நாப்பது வூடு நெனப்பு வந்துகினே கீது. அதுல யாரு யாரு வெளிய வர முடியாம குந்திக்கினு கீறாங்களோ," என்றார் ஒருநாள். நான் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

கான்கிரீட் இறுகுவதற்கு ஐந்து நாள் சாக்கு போட்டு நனைத்தார்கள். அதில் ஒருநாள் கூட்டத்துக்குப் புடவை எடுக்கக் குரோம்பேட்டை போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடை. வாசலில் மூன்று படி. விற்பனைப் பெண்கள் ஓடி வந்து, பத்துப் பதினைந்து புடவைகளை நடைபாதைக்கே கொண்டுவந்து விரித்துக் காட்டினார்கள். ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். இவ்வளவு அன்பாக எங்கள் ஊர்க் கடையில் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம். செல்வி மயில்கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்தாள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் மனசில் இருந்ததைச் சொன்னாள்.

"ஊரே எனக்காக வெளிய வருது. ரொம்ப நல்லவங்க. ஆனா நான்தான் இன்னும் உள்ள போகல."

வியாழக்கிழமை வந்தது. பதினாறாம் நாள். மயில்கழுத்துப் புடவை கட்டி, தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். மனோகர் விடுப்பு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். "நீங்க வந்தா யாராவது தூக்கச் சொல்லிடுவாங்க. வேணாம்," என்று ஆபீசுக்கு அனுப்பிவிட்டாள்.

வார்டு அலுவலக வாசலுக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரிவின் அடிவாரத்தில் ஐந்து பைக்குகள் வரிசையாக நின்றன. கூட்டத்துக்கு வந்தவர்களுடையவை. போதாக்குறைக்குச் சரிவின் மேலேயே ஒரு ஸ்கூட்டர் ஏறி நின்றது. சரிவைக் கண்டால் வண்டி ஏற்றுகிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "மேடம், ஒரு நிமிஷம். நாலு பேரைக் கூப்பிடறோம், அப்படியே படி வழியா அலாக்காத் தூக்கிடலாம்," என்றார் ஒருவர்.

செல்வியின் கை பைக்குள் போனது. எனக்கு அந்த வெள்ளைத்தாள் நினைவுக்கு வந்தது. பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு மணியை அடித்தாள். ஒருமுறை இல்லை, விடாமல் அடித்தாள். பல்லாவரத்து மணி கணீர் கணீரென்று தெருவெல்லாம் கேட்டது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. உள்ளேயிருந்து ஏ.இ. வெளியே ஓடி வந்தார். பின்னாலேயே வார்டு கவுன்சிலரும் வந்து, "யாரு வண்டி இது? எடுங்கப்பா, எடுங்க!" என்றார். பைக்குக்குச் சொந்தக்காரர்கள் அசட்டுச் சிரிப்போடு சாவியைத் தேடினார்கள். ஸ்கூட்டர்காரர் மட்டும் செல்வியிடம் வந்து, "சாரிக்கா, யோசிக்கல," என்றார். நிஜமாகவே அவர் யோசித்திருக்கவில்லை. வேறு கெட்ட எண்ணமும் இல்லை.

வழி திறந்தது. செல்வி சக்கரத்தில் கை வைத்தாள். நான் படிப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓர் அடி ஏறினால் ஓர் அங்குலம் உயர்ந்தாள். மேடையில் நின்று மூச்சு விட்டாள். மறுபடி உருட்டினாள். யாரும் 'மெதுவா' என்று சொல்லவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் படியில் தடுக்கி விழப் பார்த்தேன். கைப்பிடிதான் காப்பாற்றியது.

மேலே வாசல்காலில் இரண்டு அங்குலம் உயரமாக நிலைப்படி ஒன்று உண்டு. வரைபடத்தில் அது இல்லை. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. கடைசி நேரத்தில் அங்கே முட்டி நிற்கப் போகிறாளே என்று நான் பதறினேன். நாற்காலி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சாண் நீளத்துக்குச் சின்னதாகச் சிமெண்ட் சரிவு இருந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு வேறு தெருவில் வேலையாக இருந்த தேவராஜ் அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

கூட்ட அறையில் நீள மேசை. செல்வியின் பெயரெழுதிய அட்டைக்குப் பின்னால் புது நாற்காலி ஒன்று போட்டு, துணிகூட விரித்து வைத்திருந்தார்கள்.

"வாங்க மேடம், உட்காருங்க," என்றார் எழுத்தர், மிகுந்த மரியாதையோடு.

"நான் வரும்போதே உட்கார்ந்துதான் சார் வந்தேன்," என்றாள் செல்வி.

கவுன்சிலர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். எழுத்தர் அந்த நாற்காலியை அவசரமாகத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டார். பார்வையாளர் வரிசையில் துணி விரித்த ஆசனம் எனக்கு மட்டும்தான்.

தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, குப்பை வண்டி வருகிற நேரம் என்று கூட்டம் போனது. செல்வியின் முறை வந்தது. சத்துணவு மையத்துக்கும் நூலகத்துக்கும் இதே மாதிரி வேண்டும் என்றாள். கட்டுவதற்கு முன்னால் உபயோகிக்கப் போகிறவர்களை ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள். ஏ.இ. எழுதிக்கொண்டார். கடைசியாகச் சொன்னாள்: "இனிமே மனு குடுக்க என்னை மாதிரி யாராவது வந்தா, நீங்க வெளிய போய் வாங்காதீங்க சார். உள்ள வரச் சொல்லுங்க." எழுத்தர் தலை குனிந்து, "சரிங்க மேடம்," என்றார். வருகைப் பதிவேட்டில் மேசைமேல் வைத்து அவள் கையெழுத்துப் போட்டபோது, பேனா நான் கொடுத்தது.

டீயும் சமோசாவும் வந்தன. என் பங்குச் சமோசாவில் பாதி காணாமல் போயிருந்தது. எறும்பாக இருக்கும் என்றாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். வந்தவர்களெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செல்வி சரிவில் இறங்கினாள், நான் படியில் இறங்கினேன். கேட்டருகே குப்பைத்தொட்டியைக் கண்டதும் பையிலிருந்து அந்த வெள்ளைத்தாளை எடுத்து, நாலாகக் கிழித்துப் போட்டாள். மறுநாள் எனக்கு ரயில். போகிற வழியில் வடகறி வாங்கிக்கொண்டு போகலாம் என்று பேசிக்கொண்டே நான் தெருவில் பத்தடி நடந்துவிட்டேன். பக்கத்தில் சக்கரச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் மறுபடியும் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உள்ள எதையாவது மறந்துட்டியா?" என்று கத்தினேன்.

சமதள மேடையில் நின்றாள். மணியை ஒருமுறை அடித்தாள்.

"இல்லடி," என்றாள். "சும்மா."